1,800 ரூபாய் மீனும் 3 லட்ச ரூபாய் பில்லும்



கடந்த சில வீடியோக்களில் எனக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தொட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு கல்லின் உச்சியில் குட்டியாக ஒரு மீன் உட்கார்ந்து, கேமராவையே முறைத்துக்கொண்டிருக்கும். நான் மாங்கு மாங்கென்று ஓல்டு ரெஜிம், நியூ ரெஜிம் விளக்கிய வீடியோவுக்குக் கூட இன்பாக்ஸில் வந்த கேள்வி இதுதான்: "சார், பின்னாடி இருக்கிற மீன் என்ன மீன்? என்ன விலை?"

அது ஹாக்ஃபிஷ். விலை 1,800 ரூபாய்.

ஆனால் "அந்த மீனை வளர்க்க எவ்வளவு ஆகும்?" என்று யாருமே கேட்கவில்லை. 5 வருடத்துக்குக் கணக்கு போட்டால் கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் நான் ஒருமுறை நன்றாக விழுந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் மீனைப் பற்றி

ஹாக் என்றால் பருந்து. பருந்து எப்படி உயரமான கிளையில் உட்கார்ந்து கீழே நோட்டம் விடுமோ, அதே மாதிரி இந்த மீன் கல் மேலேயோ பவளத்தின் மேலேயோ உட்கார்ந்து இரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான மீன்களுக்கு உடம்புக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. அதனால் அவை தண்ணீரில் மிதந்தபடி ஒரே இடத்தில் நிற்கும். ஹாக்ஃபிஷ்ஷுக்கு அந்தப் பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். அதனால் இங்கே உட்காரும், சட்டென்று தாவும், இன்னொரு கல்லில் போய் உட்காரும். கண்ணை மட்டும் தனித்தனியாக உருட்டி உங்களைப் பார்க்கும். ஒரு மீனுக்கு இவ்வளவு கேரக்டரா என்று தோன்றும்.

இதில் பல வகை. உடம்பு முழுக்கச் சிவப்பாக, முதுகில் கறுப்புக் கோடு போட்ட ஃப்ளேம் ஹாக்ஃபிஷ் பசிபிக் கடலில் இருந்து வருவது, விலையும் அதிகம். நீள மூக்கு உள்ள லாங்நோஸ் வகை 13 சென்டிமீட்டர் வரை வளரும். என்னிடம் இருப்பது ஃபால்கோ என்ற சின்ன வகை, 7 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கடைக்காரர்கள் இதைப் பற்றிச் சொல்லும் முதல் வார்த்தை "ஹார்டி". அதாவது, தாக்குப்பிடிக்கும். அது உண்மைதான். நோய் அதிகம் வராது, கொடுத்ததைச் சாப்பிடும், பழகும். ஆனால் நம் துறையில் "லோ ரிஸ்க்" என்ற வார்த்தை என்ன வேலை பார்க்கிறதோ, மீன் கடையில் அதே வேலையை "ஹார்டி" பார்க்கிறது. கேட்டவுடன் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

2016: நான் செய்த தப்பு

சிஏ முடித்து வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சென்னையில் அலங்கார மீன் என்றால் கொளத்தூர்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போனேன். ஒரு கடையில் ஹாக்ஃபிஷ் என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், முடிந்தது கதை.

"செம ஹார்டி தம்பி, ஒண்ணும் ஆகாது. சில்லர் எல்லாம் வேணாம், மேல ஒரு ஃபேன் வெச்சா போதும்" என்றார் கடைக்காரர். அவரும் பொய் சொல்லவில்லை. அந்த ஜூலை மாதத்துக்கு அது போதும்.

தொட்டி, மோட்டார், லைட், கல், உப்பு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். கையில் பணம் இல்லை. கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ. "மாசம் 5,000 தானே!" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுக்கிறவன்!

முதல் அடி ஆகஸ்ட்டிலேயே விழுந்தது. மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் ஷ்ரிம்ப் என்று ஒரு இறால் உண்டு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று 1,500 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். இறால் தோலுரிக்கும்போது உடம்பு மெத்தென்று இருக்கும். அன்று ராத்திரியே ஹாக்ஃபிஷ் வேலையை முடித்துவிட்டது. காலையில் இரண்டு மீசை மட்டும் மிச்சம். ஹாக்ஃபிஷ் இருக்கும் தொட்டியில் சின்ன இறாலோ வாயில் அடங்குகிற சின்ன மீனோ விடக்கூடாது. மீன் வளர்ப்பவர்களுக்கு இது பாலபாடம். நான் பேலன்ஸ் ஷீட்டை நாலு தடவை படிப்பேன், இதை ஒரு தடவை கூடப் படிக்கவில்லை.

இரண்டாவது அடி, டிசம்பர் 12. வர்தா புயல். எங்கள் தெருவில் மரம் விழுந்து கம்பம் சாய்ந்து 4 நாள் கரண்ட் இல்லை. உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு, தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் குறைவு. மோட்டார் நின்றால் தண்ணீர் அசையாது, அசையாத தண்ணீரில் ஆக்சிஜன் சேராது. நானும் தம்பியும் மாறி மாறி டம்ளரால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் இரண்டு கிளவுன் மீனும் போயின. ஹார்டி என்று சொன்ன ஹாக்ஃபிஷ் அன்று சாயங்காலம் வரை கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்புறம் கீழே விழுந்து கிடந்தது.

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, சில நூறு ரூபாய். அது இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

மீன் செத்த பிறகு 7 மாதம் இஎம்ஐ கட்டினேன். ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி வரும்போதெல்லாம் அந்தக் காலி தொட்டி ஹாலில் நின்றுகொண்டிருக்கும். பணம் போனது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. 60,000 ரூபாய் செலவு செய்தவன், சில நூறு ரூபாயை யோசிக்கவில்லையே என்பதுதான் வலித்தது.

இப்போது கணக்கு

2021-ல் மறுபடியும் ஆரம்பித்தேன். இந்த முறை மாதம் 7,500 வீதம் 14 மாதம் ஆர்டி போட்டு, 1,05,000 சேர்ந்த பிறகுதான் கடைக்கே போனேன். 3 அடி நீளம், சுமார் 200 லிட்டர் தொட்டி. என் பில்களில் இருந்து எடுத்த கணக்கு இது. விலை கடைக்குக் கடை மாறும்.

ஒருமுறைச் செலவு:

- தொட்டி, மூடி, ஸ்டாண்ட்: 18,000
- தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்: 32,000
- கழிவை நுரையாக வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர்: 9,000
- மோட்டார், வேவ் மேக்கர்: 6,000
- லைட்: 8,000
- ஆர்ஓ டிஐ யூனிட்: 9,000
- காய்ந்த கல், மணல்: 9,000
- டெஸ்ட் கிட், உப்பு அளக்கும் கருவி: 6,000
- முதல் வாளி உப்பு: 5,000
- பேட்டரி ஏர் பம்ப், சில்லறைச் சாமான்கள்: 3,000

மொத்தம் 1,05,000. அதன் மேல் மீன் 1,800. மொத்தச் செலவில் மீனின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை!

மாதச் செலவு:

- கரண்ட்: 1,150
- உப்பு: 1,100
- உறைய வைத்த தீனி: 400
- ஃபில்டர், கார்பன், டெஸ்ட் கிட் ரீஃபில்: 500

ஆக 3,150. 60 மாதத்துக்கு 1,89,000. ஒருமுறைச் செலவையும் மீன் விலையையும் சேர்த்தால் 2,95,800.

இதோடு முடியவில்லை. சில்லர், ஸ்கிம்மர், மோட்டார், லைட், ஆர்ஓ யூனிட், இந்த ஐந்தும் சேர்ந்து 64,000 ரூபாய்ச் சாமான். 5 வருடத்தில் ஒவ்வொன்றாகப் படுக்கும் என்று வைத்துக்கொண்டு மாதம் 1,070 தனியாக எடுத்து வைக்கிறேன். கம்பெனிக் கணக்கில் இதைத் தேய்மானம் என்போம். வீட்டுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் சில்லர் மே மாதத்தில் படுக்கும்போது கிரெடிட் கார்டைத் தேடுகிறோம். இதையும் சேர்த்தால் மாதம் 4,220.

சில வரிகளுக்கு விளக்கம்

கரண்ட்: சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் தானாகவே 32 டிகிரியைத் தாண்டும். இந்த மீனுக்கு 25, 26 டிகிரி வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் கொஞ்சம்தான் குறைக்கும். எனவே சில்லர். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டி வந்த பிறகு 700-ஐத் தொடுகிறது. இங்கேதான் ஒரு சூட்சுமம். வருமான வரி ஸ்லாப் மாதிரியே, தொட்டி இழுக்கும் யூனிட் எல்லாம் உங்கள் பில்லின் மேல் ஸ்லாபில் போய் உட்காரும். அதுமட்டுமல்ல, தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். "சராசரியா யூனிட் 4 ரூபாதானே" என்று கணக்கு போட்டால் தப்பு. கூடுதல் யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள்.

உப்பு: ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. வாரம் 20 லிட்டர் மாற்றினால் மாதம் 3 கிலோ உப்பு மிக்ஸ். "பாஸ், மெரினா பக்கத்துலதானே இருக்கு, கேன் எடுத்துட்டுப் போய் மொண்டுட்டு வர வேண்டியதுதானே?" என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். ஒரு பக்கம் கூவம், இன்னொரு பக்கம் அடையாறு கடலில் கலக்கிற கரை அது. மிச்சமாகும் உப்புக் காசை மீனின் உயிரில் கட்ட வேண்டியிருக்கும்.

கல்: காய்ந்த கல் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உயிருள்ள பவளத்தைக் கடலில் இருந்து எடுப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். "லைவ் ராக் இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஹாக்ஃபிஷ் பவளத்தைத் தின்பதில்லை, அதற்கு வேண்டியது உட்கார ஒரு மேடு. செராமிக் கல்லாக இருந்தாலும் ராஜா மாதிரி உட்காரும்.

மூடி: இது பயந்தால் தாவும் மீன். மூடி இல்லாத தொட்டி என்றால் ஒருநாள் காலையில் தரையில் கிடக்கும்.

"அந்தக் காசை எஸ்ஐபி போட்டிருந்தா?"

கேட்பீர்கள் என்று தெரியும். மாதம் 4,200, 5 வருடம், வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 3.46 லட்சம். 12 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இந்த வாதம் எனக்குப் பிடிக்காது. இப்படிப் பார்த்தால் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போவதும் நஷ்டம், நண்பன் கல்யாணத்துக்கு மொய் வைப்பதும் நஷ்டம். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் நேரத்தில் ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வருவேன். லைட் அணைந்த தொட்டியில் அது கல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு தூங்கும். அதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால்தான் சாப்பாடு இறங்கும். சம்பாதிப்பது அதற்கும் சேர்த்துத்தான். நல்ல பொழுதுபோக்குக்குச் செலவு செய்யுங்கள். ஆனால் முழு விலை என்ன என்று தெரிந்து செய்யுங்கள்.

நான் எதிர்ப்பது வேறு ஒன்றை. "முதல்ல சின்னதா, சீப்பா செட் பண்ணுவோம், செத்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்கிற மனநிலையை. கிளவுன் மீனை நம் நாட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே செய்து காட்டியிருக்கிறது. ஹாக்ஃபிஷ் அப்படி இல்லை. கடையில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பவளத்திட்டில் இருந்து பிடித்து வந்தது. அதை வாங்கினால், கடலில் அதற்கு இலவசமாகக் கிடைத்த எல்லாவற்றையும் இனி நீங்கள் மாதாமாதம் காசு கொடுத்து வாங்கித் தர வேண்டும். கார் இஎம்ஐ கட்ட முடியவில்லை என்றால் காரை விற்கலாம். எஸ்ஐபியை ஆப்பில் ஒரு பட்டனில் நிறுத்தலாம். மீனுக்கு பாஸ் பட்டன் கிடையாது.

அப்போ யார் வாங்கலாம்?

இது என் அளவுகோல். சட்டம் இல்லை.

முதலாவது, எமர்ஜென்சி ஃபண்ட் 6 மாதத்துக்கு இருக்கிறதா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, வீட்டில் உங்களை நம்பி யாராவது இருந்தால் டேர்ம் பாலிசி இருக்கிறதா? இல்லை என்றால் இந்தப் பதிவை புக்மார்க் செய்துவிட்டு அதை முடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, இந்த 4,220 உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படி என்றால் கையில் சுமார் 85,000 வர வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். நல்ல தண்ணீரில் ஒரு ஃபைட்டர், நாலு குப்பி வளர்க்கலாம். சில்லர் வேண்டாம், உப்பு வேண்டாம். தண்ணீர் மாற்றும் ஒழுக்கமும் அதிலேயே வந்துவிடும்.

மூன்றாவது, ஊர் மாறுவீர்களா? இதை யாரும் யோசிப்பதே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஹாக்ஃபிஷ் 5 வருடத்துக்கு மேலும் வாழும். இருபதுகளில் இருக்கும் ஐடி நண்பர்கள் 5 வருடத்தில் எத்தனை கம்பெனி, எத்தனை ஊர் மாறுகிறீர்கள்? என் நண்பன் ஒருவனுக்கு ஆன்சைட் வந்தது, மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். ஒரு லட்ச ரூபாய் செட்டப்பை முப்பதாயிரத்துக்குக் கொடுத்தான். மீனை எடுத்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்கு வந்தது.

நான்காவது, கடனில் வாங்காதீர்கள். நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டி தள்ளுபடிக்குள் ஒளிந்திருக்கும், அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, பிராசசிங் ஃபீ வேறு. அதைவிட முக்கியம், இஎம்ஐ நம்மைச் சேமிக்கும் காலத்தைத் தாண்டிக் குதிக்க வைக்கிறது. எனக்கு அந்த 14 மாதம் வெறும் பணம் சேர்க்கும் நேரமாக இல்லை, படிக்கும் நேரமாக இருந்தது. 2016-ல் தெரியாத எல்லாமே அந்த 14 மாதத்தில்தான் தெரிந்தது.

டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதியில் மறுபடியும் கரண்ட் போனது. இந்த முறை தொட்டி அருகே இரண்டு பேட்டரி ஏர் பம்ப் தயாராக இருந்தன. இன்வெர்ட்டரில் வீட்டு ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 10 வாட் வேவ் மேக்கரை மட்டும் ஓடவிட்டேன். தீனி போடுவதை நிறுத்தினேன், அப்போதுதான் தண்ணீர் கெடாது.

"ஏன்டா, மனுஷங்க நாங்க இருட்டுல உட்கார்ந்திருக்கோம், உன் மீனுக்கு மட்டும் கரண்டா?" என்றார் அம்மா.

"ரெண்டு நாள்தான்மா, பொறுத்துக்கோ."

"நீ கல்யாணம் பண்ணா உன் பொண்டாட்டி பாவம்டா" என்று சொல்லிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தது யார் தெரியுமா? அம்மாதான். "உட்கார்ந்துதான் இருக்கு, தூங்கு" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் கரண்ட் வந்தது. மீன் அதே கல்லில் உட்கார்ந்திருந்தது.

கடைசியாக ஒரு வேலை

ஹாக்ஃபிஷ் வாங்க ஆசையா? இன்றே கடைக்குப் போகாதீர்கள். தனியாக ஒரு சேவிங்ஸ் கணக்கில் 6 மாதம், மாதம் 4,200 போடுங்கள். மீன் இல்லாமலேயே மீன் செலவு செய்து பாருங்கள்.

எந்த மாதமும் தவறவில்லை, மற்ற எஸ்ஐபி எதுவும் நிற்கவில்லை, கார்டில் பாக்கி ஏறவில்லை என்றால் உங்களால் முடியும். அந்த 25,200 ரூபாயைத் தொடாதீர்கள். வேலை போனாலும் 8 மாதம் அந்த மீனுக்குத் தண்ணீர், தீனி, கரண்ட் கிடைக்க அது போதும். தொட்டிக்கான பணத்தைத் தனியாகச் சேருங்கள். தொட்டி வைத்த பிறகும் உடனே மீன் விட முடியாது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா உள்ளே வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அவசரப்படுபவர்களுக்கான ஹாபி இல்லை இது.

மூன்றாம் மாதமே கை வைத்துவிட்டீர்கள் என்றால் அதிலும் லாபம்தான். ஒரு மீன் தப்பித்தது, உங்கள் பணமும் உங்களிடமே இருக்கிறது.

நான் எழுதிய கணக்கை அப்படியே ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு, உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லை வைத்து மாற்றிப் பாருங்கள். அடுத்த வீடியோவில் ஃபார்ம் 16 சரிபார்ப்பது எப்படி என்று பார்க்கலாம். பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார், தொந்தரவு செய்யமாட்டார்.